பாடாமல் நின்ற சபை: ஒரு நிகழ்வு ஆய்வு

கொரோனா அடங்கி ஆலயங்கள் திறந்த பிறகு, இசைப் பொறுப்பில் இருப்பவர்கள் அடிக்கடி சொன்ன குறை ஒன்று உண்டு. ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள், பாட்டு திரும்பி வரவில்லை. அப்படி ஒரு சபையில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நான் அந்தச் சபையின் உறுப்பினர் இல்லை. பாடகர் குழுவுக்குக் குரல் பயிற்சி கொடுக்க அழைக்கப்பட்டு, பிறகு மற்ற காரியங்களிலும் கலந்துகொண்டவன். யாரையும் அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் குறைத்திருக்கிறேன்.

பின்னணி

சுமார் இருநூறு பேர் கூடும் நடுத்தரமான சபை அது. 2020 வரை நான்கு குரலில் பாடும் பாடகர் குழு ஒன்று இருந்தது. சோப்ரானோ (பெண்களின் மேல் குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ்க் குரல்), டெனர் (ஆண்களின் மேல் குரல்), பேஸ் (ஆண்களின் கீழ்க் குரல்) என்று பிரிந்து உட்காருவார்கள். அருமையான குழு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சபையார் அவர்களோடு சேர்ந்து பாடினார்கள்.

2020 மார்ச்சில் எல்லா இடத்தையும் போல இங்கேயும் கூடுகை நின்றது. பாடுவதே ஆபத்து என்ற செய்தியும் சேர்ந்து வந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 61 பேர் கூடிய ஒரு பாடகர் குழுவின் இரண்டரை மணி நேர ஒத்திகையிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பரவியதாகக் கணக்கிட்டார்கள். அதில் இரண்டு பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு குழுவை மறுபடி கூட்டும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

அதற்குப் பதிலாக ஆறு பேர் கொண்ட ஓர் இளைஞர் அணி உருவானது. கேமரா முன் பாடி இணையத்தில் ஒளிபரப்பினார்கள். ஆளுக்கொரு மைக், கீபோர்டு, டிரம்ஸ், பேஸ் கிட்டார். எதிரொலி கேமராவில் கெட்டுப்போகிறது என்று தரையில் கம்பளம் விரித்து, பக்கச் சுவர்களில் கனத்த திரைச்சீலை தொங்கவிட்டார்கள். பீடத்துக்குப் பின்னால் இருந்த வண்ணக் கண்ணாடி சன்னலை மறைத்துப் பாடல் வரிகள் காட்ட ஒரு பெரிய வெண்திரை வந்தது. வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் தேவைதான். அந்த ஆறு பேர் இல்லாவிட்டால் அந்தச் சபைக்கு இரண்டு வருஷம் பாட்டே இருந்திருக்காது.

2022-இல் கதவுகள் முழுதாகத் திறந்தன. ஆனால் ஏற்பாடு எதுவும் மாறவில்லை. கேமராவுக்காக அமைத்த கூடத்தில் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

முதலில் கண்டது

என்னை அழைத்தபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். விசுவாசம் குளிர்ந்துவிட்டது என்பது போதகரின் கவலை. புதுப் பாட்டுகள் இன்னும் பழகவில்லை என்றார் இசை அணித் தலைவி. ஒரு மூப்பர் நேரடியாகவே சொன்னார்: "பசங்க சத்தம் தாங்கல." மூன்று பேரும் இன்னொருவரைக் காரணம் காட்டினார்கள் என்பதை மட்டும் அப்போதைக்குக் குறித்துக்கொண்டேன்.

வாரம் ஒரு வரிசையாக இடம் மாறி உட்கார்ந்து பார்த்தேன். முதல் பாட்டின் முதல் வரிக்குப் பெரும்பாலோர் உதடு அசைந்தது. பாட்டு உயரும் இடத்தில் பெண்கள் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பாடப் பார்த்தார்கள். அங்கே குரல் போதாமல் நின்றுவிட்டார்கள். ஆண்கள் அதற்கும் முன்பே நின்றிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் மடியில் பழைய பாட்டுப் புத்தகத்தை விரித்து, திரையில் ஓடும் பாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் சரணம் வரும்போது கூடத்தில் பெரும்பாலும் ஆறு குரல்கள்தான், அதுவும் ஒலிபெருக்கி வழியாக.

இதில் ஒரு விதிவிலக்கு இருந்தது. ஆராதனை முடியும்போது மூன்று முறை 'ஆமென்' பாடுவது அவர்கள் வழக்கம். அதற்கு வாத்தியம் கிடையாது. அதற்குள் அணியினர் மைக்கை வைத்துவிட்டிருப்பார்கள். அந்த ஆமென் மட்டும் கூடம் நிறைய எழும்பியது. இரண்டாவது ஆமெனில் இடது மூலையிலிருந்து தெளிவான ஆல்டோ குரல் ஒன்று சேர்ந்துகொண்டது. பழைய குழுவின் ஆல்டோக்கள் உட்கார்ந்த இடம் அதுதான். பழக்கத்தில் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். விசுவாசம் குளிர்ந்துவிட்டது என்ற விளக்கத்தை நான் கைவிட்டது அந்த ஆமெனைக் கேட்டுத்தான். அரை நிமிடத்துக்கு முன் ஊமையாக நின்றவர்கள் இப்போது நாலு குரலில் பாடுகிறார்கள் என்றால், இடையில் மாறியது எது என்று பார்க்க வேண்டும்.

அளந்து பார்த்ததில்

மூன்று விஷயங்களைச் சோதித்தோம்.

முதலாவது சுருதி. குரல் பயிற்சி இல்லாத ஆண், பெண், முதியவர் எல்லோரும் சேர்ந்து சிரமமின்றிப் பாடக்கூடிய எல்லை ஏறத்தாழ ஒன்றரை ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். ஸ்வரத்தின் உயரத்தைக் 'கட்டை' என்று எண்ணால் சொல்வார்கள். அந்தக் கணக்கில் கீழே ஆறு கட்டை, மேலே அடுத்த ஸ்தாயியின் இரண்டு கட்டை, அதாவது மேற்கத்திய முறையில் 'ஏ' முதல் 'டி' வரை; ஆண்களுக்கு அதே எல்லை ஒரு ஸ்தாயி கீழே. அணி பாடிய பாடல்களில் பல, ஒலிப்பதிவில் உயர்ந்த டெனர் குரல் பாடிய அதே சுருதியில் இருந்தன. ஒரு பாட்டு ஐந்து கட்டையில் தொடங்கி உச்சத்தில் நாலரையைத் தொட்டது, அதாவது 'எஃப் ஷார்ப்'. அந்த உயரத்தில் நிற்கப் பாடகருக்கே பயிற்சி வேண்டும். போதாததற்கு வயதாக ஆகப் பெண்களின் குரல் தணிகிறது. அந்தச் சபையில் பாதிப் பேருக்கு மேல் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

இரண்டாவது ஒலி அளவு. கைபேசிச் செயலி துல்லியமான கருவி இல்லை என்றாலும் ஒரு மதிப்பு கிடைக்கும். நடு வரிசையில் அது தொண்ணூற்றைந்து டெசிபலை ஒட்டிக் காட்டியது. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கு என்பது தொழிலிடச் செவிப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கப் பரிந்துரை. அந்தக் கணக்கில் 94-க்கு ஒரு மணி நேரம்தான். காதுக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்தச் சத்தத்தில் ஒருவருக்குத் தன் குரலே கேட்காது. இரைச்சல் கூடினால் மனிதர்கள் தாமாகவே குரலை உயர்த்துவார்கள் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் லோம்பார்ட் 1911-இலேயே எழுதியிருக்கிறார். ஆனால் உயர்த்தியும் கேட்காவிட்டால்? பேச வேண்டிய கட்டாயம் இருப்பவர் கத்துவார். பாட வேண்டிய கட்டாயம் இல்லாதவர் சும்மா இருந்துவிடுவார்.

மூன்றாவது கூடம். கம்பளம், திரைச்சீலை எல்லாம் இருக்கும்போது கை தட்டினால் ஒலி உடனே செத்துவிட்டது. பேச்சுக்கு ஒலி ஒரு நொடி அளவு தங்கினால் போதும், அதற்கு மேல் வார்த்தை குழம்பும். கூட்டுக் குரலுக்கு இரண்டு நொடி அளவு தங்கினால்தான் பக்கத்துக் குரல்கள் ஒன்றோடொன்று கலக்கும். இந்தக் கூடத்தில் பக்கத்து ஆள் பாடுவது தெரியவில்லை. தான் மட்டும் தனியாகப் பாடுகிறோம் என்ற கூச்சம் ஒவ்வொருவருக்கும்.

முதல் கட்ட முடிவுகள்

போதகர், இசை அணித் தலைவி, ஒலி அமைப்பைப் பார்த்துக்கொண்ட இளைஞர், பழைய குழுவிலிருந்து ஒருவர், நான் என ஒரு சிறு கூட்டம் அமைந்தது. தொடங்கியதுமே ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. சபை பாடித்தான் ஆகவேண்டுமா? நல்லவர்கள் பாட, கேட்டு மனம் உருகுவதும் ஆராதனைதானே?

அதை நான் லேசாகத் தள்ளவில்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், ஆராதனைக்காக எழுதிய பல கந்தாத்தாக்களை, அதாவது பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்து இசைக்கும் நீண்ட படைப்புகளை, சபை பெரும்பாலும் கேட்கவே செய்தது. அதனால் யாருடைய பக்தியும் குறைந்துவிடவில்லை. போதகருக்கோ அதற்கு எதிர்ப்பக்கமான பயம் இருந்தது. அழகு கூடினால் மனம் அழகிலேயே நின்றுவிடாதா என்று கேட்டார். புனித அகஸ்தீனுக்கும் இந்தப் பயம் இருந்தது. மிலான் ஆலயத்தில் கேட்ட பாடல்களால் தான் கண்ணீர் விட்டதை நன்றியோடு நினைக்கிறார். பாடப்படும் பொருளைவிடக் குரல் தன்னை அதிகம் அசைத்தால் அது பாவம் என்றும் அதே இடத்தில் ஒப்புக்கொள்கிறார். கடைசியில் பாட்டு இருக்கட்டும் என்ற பக்கமே சாய்கிறார்.

முடிவில் எங்களை நகர்த்தியது இந்தச் சபையின் சொந்த வரலாறு. இவர்கள் பாடிக்கொண்டிருந்தவர்கள். சபைச் சீர்திருத்தவாதி லூத்தரின் காலத்தில் 1524-இல் எட்டே பாடல்களோடு வந்த சிறு ஜெர்மன் புத்தகமும் சரி, மக்கள் பார்வையாளர்களாக இராமல் வழிபாட்டில் பங்குகொள்ள வேண்டும் என்று 1963-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதும் சரி, ஒரே நம்பிக்கையில் நிற்கின்றன. வாயால் சொன்னது மனதில் தங்கும். சரி, சபையைப் பாடவைப்பது என்று தீர்மானித்தோம்.

செய்த மாற்றங்கள் சாதாரணமானவை. ஒவ்வொரு பாட்டையும் அதன் உச்ச ஸ்வரத்தை வைத்துச் சுருதி மாற்றினோம். ஐந்து கட்டைப் பாட்டு இரண்டரைக்கு வந்தது. அதன் உச்சம் நாலரையிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிகிற வேலை. ஆறு மைக்கில் ஒன்று போக மற்றவற்றை அணைத்தோம். கடைசிச் சரணத்தில் வாத்தியம் எல்லாம் நிற்கும், வழிநடத்துபவரும் மைக்கை விட்டு விலகி நிற்பார். மாதம் ஒரே ஒரு புதுப் பாட்டு, நான்கு வாரமும் அதுவே. ஆராதனைக்கு முன் ஐந்து நிமிடம், வழிநடத்துபவர் ஒரு வரி பாட, சபை திருப்பிப் பாடும். புத்தகம் வாங்க முடியாதவர்களும் எழுத்தறியாதவர்களும் நிறைந்திருந்த 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சபைகளில் இப்படித்தான் வேதாகமத்தின் சங்கீதங்களைப் பாடினார்கள். திரைச்சீலைகளைக் கழற்றினோம். கம்பளத்தில் நடுப்பாதை மட்டும் மிஞ்சியது, முதியவர்கள் வழுக்கி விழாமல் இருக்க.

அடுத்து நடந்தது

முதல் மாதம் முன்பைவிட மோசமாக இருந்தது. சத்தம் குறைந்ததும் தங்கள் குரல் தங்களுக்கே கேட்டு எல்லோரும் வெட்கப்பட்டார்கள். வாத்தியம் நிற்கும் கடைசிச் சரணத்தில் ஒருமுறை ஏறக்குறைய முழு அமைதி. இசை அணித் தலைவி ஆடிப்போனார். "அக்கா, ரெண்டு வாரம் பாத்துட்டு மைக்கை ஆன் பண்ணிருவோமா?" என்று கேட்டார் ஒலி அமைப்பு இளைஞர். வேண்டாம், இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்றார் அவர். இந்த ஒன்றரை ஆண்டில் எடுத்த முடிவுகளில் மிகவும் கடினமானது அதுதான் என்பது என் எண்ணம். அமைதியான கூடத்தின் முன்னால் நிற்பவர் அவர்தானே.

இரண்டாம் மாதத்தில் இடது மூலை ஆல்டோக்கள் அசைந்தார்கள். யாரும் சொல்லாமலே இரண்டாம் குரல் போட ஆரம்பித்தார்கள். அவர்களைச் சுற்றி நாலைந்து வரிசைக்குப் பாட்டு பரவியது. பெண்கள் இப்போது ஸ்தாயி மாறுவதில்லை. பழைய புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர் பேஸ் குரல்காரர் என்பது தெரியவந்தது. எந்தப் பாட்டாக இருந்தாலும் கடைசி ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி கீழே பிடித்து இழுப்பார். கொஞ்சம் அதிகமாகவே இழுப்பார். யாரும் அதைத் திருத்தப் போகவில்லை.

ஆனால் அது ஓரளவில் நின்றுவிட்டது. ஏறத்தாழ பாதிக் கூடம் பாடியது, பாதி பாடவில்லை. சுருதி, சத்தம், எதிரொலி மூன்றும் சரியான பிறகும் பாடாதவர்கள் யார் என்று பார்த்தபோதுதான் விஷயம் வேறு திசைக்குப் போனது.

மௌனத்தின் இன்னொரு காரணம்

மூன்றாம் வரிசையில் உட்காரும் ஒரு நடுவயதுப் பெண்மணி, துதிப் பாட்டுகள் வரும்போது எழுந்து நிற்பார், வாயைத் திறக்க மாட்டார். செபத்தின்போது கண்ணை மூடி உதடு அசைப்பார். இசை அணித் தலைவி அவருடைய வீட்டுக்குப் போய், பாட்டைப் பற்றி எதுவும் பேசாமல், உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். கிளம்பும்போது அந்த அம்மாவே சொன்னார்: "சந்தோஷமாப் பாடுங்கன்னு சொல்றீங்க. நான் இன்னும் அழுது முடிக்கலையேம்மா."

அவருடைய கணவர் தொற்றின் இரண்டாம் அலையில் இறந்தவர். அடக்கத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் நின்றார்கள். பாட்டு இல்லை. அந்தச் சபையில் இப்படிப் போனவர்கள் பலர். எல்லோருக்கும் பாட்டில்லாத அடக்கம். அதன் பிறகு ஆலயம் திறந்தது, திறந்த நாளே கொண்டாட்டப் பாடல்கள். நடுவில் ஒரு படி விடுபட்டிருந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. போதகர் தன் பதிவேட்டை எடுத்துப் பெயர்களைப் பார்த்தார். பாடாமல் நின்றவர்களில் கணிசமானோர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

புலம்பலுக்கு இடம்

துக்கத்தைப் பாடும் ஓர் ஆராதனை வைக்கலாம் என்று இசை அணித் தலைவி சொன்னார். போதகர் தயங்கினார். ஆறத் தொடங்கிய புண்ணைக் கிளறுவதாகாதா, நம்பிக்கையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் துக்கமா என்று கேட்டார். அவருடைய தயக்கத்தைத் தீர்த்தது அவர் தினமும் வாசிக்கும், வேதாகமத்தின் சங்கீத புத்தகம். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகை. 13-ஆம் சங்கீதம் 'எதுவரைக்கும்' என்ற கேள்வியோடு தொடங்கி ஆறே வசனத்தில் பாடுவேன் என்று முடிகிறது. 88-ஆம் சங்கீதமோ அந்தத் திருப்பமே இல்லாமல் இருளில் முடிகிறது. அதையும் சேர்த்துத்தான் பாட்டுப் புத்தகமாக வைத்திருக்கிறார்கள். "நாம பாடுறது எல்லாம் பதிமூணோட கடைசி வசனம் மட்டும்தான்" என்று போதகரே சொன்னார். அதன் பிறகு விவாதம் தேவைப்படவில்லை.

என்ன பாடுவது என்ற பேச்சில் ஒருவர் மெசியானை இழுத்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியான் ஜெர்மானியப் போர்க்கைதி முகாமில் எழுதிய நால்வர் இசை 1941 ஜனவரி 15-ஆம் தேதி அங்கேயே கைதிகள் முன் அரங்கேறியது. கலையும் நம்பிக்கையும் என்று பேச்செடுத்தால் இந்தக் கதை வராமல் இருக்காது. பெரிய நிகழ்வுதான். ஆனால் வாசித்த நால்வரும் பயிற்சி பெற்ற கலைஞர்கள், மற்றவர்கள் கேட்டார்கள். எங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது: பயிற்சியே இல்லாத ஒருவர் அழுகையோடு பாடக்கூடியது.

அதற்குப் பொருத்தமான முன்மாதிரி தெசே. சகோதரர் ரோஜர் 1940-இல் பிரான்சின் அந்தக் கிராமத்துக்கு வந்து தொடங்கிய துறவிகள் சமூகம் அது. பல மொழி பேசும் யாத்திரிகர்கள் சேர்ந்து பாடவேண்டும் என்பதால், இரண்டே வரி உள்ள பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடும் முறை அங்கே வளர்ந்தது. ஜாக் பெர்த்தியே இந்த முறையில் நிறைய இசையமைத்தார். வரி சிறியதானால் புத்தகத்தைப் பார்க்க வேண்டாம். நாலாவது முறைக்குள் ராகம் தெரிந்துவிடும். தொண்டை அடைத்தவர் ஒரு சுற்று விட்டுவிட்டு அடுத்ததில் சேரலாம். எங்களுக்கு முக்கியமாக வேண்டியிருந்தது இந்தக் கடைசிக் குணம்.

பழைய குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஒருவர் மெட்டு போட்டார். 13-ஆம் சங்கீதத்தின் கேள்வியை வைத்து இரண்டு வரி. ஐந்து ஸ்வரத்துக்குள் அடங்கும், எங்கும் தாவாது, பக்கத்து ஸ்வரத்துக்கே போகும். முதல் வரி முடியும் இடத்தில் முழு மூச்சு எடுக்க இடம் விட்டிருந்தார். சேர்ந்து பாடுகிறவர்களின் மூச்சு ஒன்றாகும்போது இதயத் துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்குவதை ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டார்கள். அதைப் படித்துவிட்டு அவர் அப்படிச் செய்யவில்லை. "அழுறவனுக்கு மூச்சு விட எடம் வேணும்ல" என்றார். இரண்டாம் குரலுக்கு ஒரே ஸ்வரம், கடைசிவரை நீட்டிப் பிடிப்பது. வாத்தியம் கிடையாது.

ஆராதனை ஒரு மாலை வேளையில் நடந்தது. போதகர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஐந்தாறு பெயருக்கு ஒருமுறை அந்த இரண்டு வரி. முதல் சுற்றில் பாடகர் குழுவில் மிஞ்சியிருந்தவர்கள் மட்டும் பாடினார்கள். அடுத்த சுற்றுகளில் கூடம் சேர்ந்தது, சத்தமாக இல்லை, ஆனால் எல்லாப் பக்கத்திலிருந்தும். நடுவில் பாட்டு இரண்டு முறை அறுந்தது. ஆல்டோக்கள் அந்த ஒற்றை ஸ்வரத்தை விடாமல் பிடித்திருந்ததால் மறுபடி எழுந்தது. மூன்றாம் வரிசை அம்மா கணவர் பெயர் வந்த சுற்றில் பாடவில்லை. அதற்கு அடுத்ததில் பாடினார்.

துணியும் சன்னலும்

பாடப் பிடிக்காத இளைஞர்கள் சிலர் கையால் செய்யும் ஏதாவது வேலை கேட்டார்கள். எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் உருவான நினைவுத் துணி அவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. 1987 அக்டோபரில் வாஷிங்டன் நகரில் அதை முதன்முறையாக விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஏறத்தாழ ஒரு கல்லறையின் அளவு. அதே யோசனையைச் சிறிதாக எடுத்துக்கொண்டார்கள். இறந்தவரின் உடையிலிருந்து ஒரு கையளவு துண்டு, குடும்பத்தார் விரும்பினால் மட்டும். எழுத்து வேண்டாம், பெயர் வேண்டாம் என்பதும் அவர்கள் முடிவே. ஒரு வீட்டில் சட்டையை வெட்ட மனம் வராமல் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். அதை நீலத் துணியின் நடுவில் தைத்தார்கள். ஒரு குடும்பம் எதுவும் தரவில்லை. கேட்டதே பிடிக்கவில்லை என்பதும் பின்னால் தெரிந்தது. போதகர் போய்ப் பேசிவிட்டு வந்தார், அவர்கள் இடத்தில் வெறும் வெள்ளைச் சதுரமும் வைக்கவில்லை.

எங்கே மாட்டுவது என்பதில் சண்டையே வந்தது. ஆராதனைக் கூடத்தில் துக்கம் தொங்கக்கூடாது என்று சிலர் சொன்னார்கள். உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தைய நாற்பது நாள் பக்கச் சுவரில் இருக்கட்டும், பிறகு செப அறைக்குப் போகட்டும் என்று சமாதானம் ஆனது. துணி பளிச்சென்று தெரிய வெளிச்சம் வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டதால், பீடத்தின் பின்னால் இருந்த வெண்திரையைக் கழற்றிப் பக்கத்துக்கு மாற்றினோம். சன்னல் திறந்தது. சிறுபிள்ளைகளில் பலர் அப்படி ஒரு சன்னல் இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், அதை மட்டுமாவது முதல் மாதமே செய்திருக்கலாம், செலவில்லாத வேலை.

விளைவு

ஓராண்டு கழித்துப் பார்க்கையில் அந்தச் சபை பாடுகிறது. எல்லோரும் பாடவில்லை, நான்கில் மூன்று பங்கு இருக்கலாம் என்பது என் காது மதிப்பு. மகிழ்ச்சிப் பாடல்கள் திரும்ப வந்துவிட்டன. துக்க ஆராதனைக்குப் பிறகுதான் அவற்றில் உரம் ஏறியது என்று இசை அணித் தலைவி சொல்கிறார், நானும் அப்படித்தான் கேட்டேன். நான்கு குரல் குழு மாதம் ஒருமுறை பாடுகிறது. மற்ற வாரங்களில் அவர்கள் வேண்டுமென்றே கூடம் முழுவதும் பிரிந்து உட்காருகிறார்கள்.

இழப்பும் உண்டு. டிரம்ஸ் வாசித்த இளைஞர் விலகிப் போய்விட்டார். துடிப்பான இசைக்காக வந்துகொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போயின. இணைய ஒளிபரப்பின் ஒலித் தரம் தாழ்ந்தது. வீட்டை விட்டு வெளியே வரமுடியாத முதியவர்களுக்கு இது உண்மையான நஷ்டம். கூடத்தின் நடுவில் உயரத்தில் இரண்டு மைக் தொங்கவிட்டு, சபையின் குரலையே ஒளிபரப்புக்கு அனுப்பிப் பார்க்கிறார்கள். முன்பைவிடப் பரவாயில்லை, பழைய தரம் இன்னும் இல்லை.

இனி மாறவேண்டியவை

கூட்டத்தில் கடைசியாகப் பேசி ஒத்துக்கொண்டவை இவை. சுருதியையும் சத்தத்தையும் அளப்பதும், வீடு வீடாகப் போய்க் கேட்பதும் ஒரே சமயத்தில் தொடங்க வேண்டும். கருவி உடனே எண்ணைக் காட்டிவிடுவதால் வேலை அந்தப் பக்கமே ஓடியது, மூன்றாம் வரிசைக்குப் போய்ச் சேர நாலைந்து மாதம் ஆனது.

வாத்தியக்காரர்களிடம் முடிவைச் சொல்லும் முறையும் மாறவேண்டும். டிரம்ஸ் இளைஞருக்கு மாற்றம் தெரிந்தது ஒரு ஒத்திகை நாளில், எல்லோர் முன்னிலையிலும். தொற்றுக்காலம் முழுவதும் வாரம் தவறாமல் வந்து வாசித்தவர் அவர். தாளம் தாங்கக்கூடிய பாடல்கள் எவை, எதில் அவர் ஓய்வெடுக்கலாம் என்று அவரோடே உட்கார்ந்து பட்டியல் போட்டிருந்தால் தங்கியிருக்கக்கூடும். போதகர் அவரை மறுபடி பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு இந்தச் சுருதிகள் எதுவும் பொருந்தவில்லை. பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுக்குள் அவர்களுடைய எல்லை சில மாதங்களுக்கு ஐந்தாறு ஸ்வரமாகச் சுருங்கிவிடும். புலம்பல் பாட்டின் ஒற்றை ஸ்வரக் குரலை அவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது ஆல்டோ பெண்களின் யோசனை, இன்னும் முயலவில்லை.

அப்புறம், சுருதிப் புத்தகம். எந்தப் பாட்டு எத்தனை கட்டையில், எந்தச் சரணத்தில் வாத்தியம் நிற்கும் என்பது இப்போதைக்கு இசை அணித் தலைவியின் நினைவில்தான் இருக்கிறது. அவர் வேலை மாற்றலாகி இந்த ஆண்டு வேறிடம் போகிறார். ஒலி அமைப்பு இளைஞர் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறார், பாதி முடிந்திருக்கிறது.